தகப்பன் பெயருக்கான இடம்

ஹார்வி வேல், கரியாக்கூ தீவு
14 ஆகஸ்ட் 1996

அன்புத் தம்பி லயனலுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டோரீனின் இருமல் நின்றதா? பையன்கள் டிரெவரும் கீத்தும் சுகமா?

நீ சாமான் அடைத்து அனுப்பிய பீப்பாய் போன செவ்வாய்க்கிழமை கப்பலில் வந்து சேர்ந்தது. மாவு மூட்டை ஒன்று நனைந்துவிட்டது, மற்றபடி பழுதில்லை.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. அம்மா மூன்று முறை கனவில் வந்துவிட்டாள். அவள் போய் எட்டு வருடமாகிறது. கல்லறைக் கல் இன்னும் கூடத்து மூலையில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. நாம் நாட்டவில்லை. முதல் முறை வந்தபோது அவள் பேசவில்லை. இரண்டாம் முறை பசிக்கிறது என்றாள். மூன்றாம் முறை மேசையில் இருந்த தட்டுகளை எண்ணிவிட்டு, “ஒண்ணு குறையுதே டீனா” என்றாள். யாருடைய தட்டு என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் வருகிற ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை கல் நாட்டும் விருந்து வைக்கலாம் என்று இருக்கிறேன். நிலம் அளக்கிறவர்கள் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கும் நம் மண்ணை ஒழுங்கு பண்ணாவிட்டால் நாளைக்கு எவனாவது ஓட்டல் கட்டிவிடுவான். வக்கீல் வாரிசுப் பட்டியல் எழுதித் தருகிறார். விருந்தன்று இரத்த சொந்தம் அத்தனை பேரும் ஓரிடத்தில் இருப்பார்கள் அல்லவா, அன்றே கையெழுத்து வாங்கிவிடலாம். நீ வரவேண்டும்.

வெல்மா கூரைத் தகரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தாள். ஏணியில் நின்றுகொண்டு பாட்டு வேறு. இந்த மாதம் அவளுக்கு முப்பத்துநாலு முடிகிறது. உனக்கு நினைவிருக்கும்.

பிரார்த்தனையில் உன்னை மறக்காத
அகஸ்டினா


ஹடர்ஸ்ஃபீல்ட்
இங்கிலாந்து
20 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு லயனல் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது, சந்தோஷம். என் முழங்கால் மழைக்கு முந்தின நாளே மழை வரும் என்று சொல்லிவிடுகிறது. டோரீன் சுகம். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவள்தான் போய் நிற்கிறாள்.

கல் நாட்டுவது நல்ல யோசனை. நில விஷயமும் அப்படியே. போன வாரம் எங்கள் முதியோர் மன்றத்தில் ஒரு அம்மாள் வந்து முதுமைக்குத் தயாராவது பற்றிப் பேசினாள். உயில் எழுதாமல் செத்தால் என்னென்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினாள். எங்களில் பாதிப் பேர் பயத்தில் பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. நான் மறுநாளே உயில் எழுதிவிட்டேன். மலைமேல் உள்ள கல்லறைத் தோட்டத்தில் எனக்கும் டோரீனுக்கும் இடம் வாங்கியாகிவிட்டது. உனக்கும் ஒரு உயில் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். பூர்த்தி செய். எழுபத்திரண்டு வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பட்டியலில் சிக்கல் ஒன்றுமில்லை. நீ, நான், பெரியப்பா மகன் ரூஃபஸ். எனக்குப் பின் டிரெவர், கீத். சுருக்கமாக முடிந்துவிடும்.

உன்னோடு இருக்கும் பெண்ணுக்கும் என் விசாரிப்புகள்.

உன் தம்பி
லயனல்


ஹார்வி வேல்
12 அக்டோபர் 1996

அன்புத் தம்பிக்கு,

நீயும் டோரீனும் நலமாக இருக்கவேண்டும் என்பதுதான் என் முதல் வார்த்தை. இரண்டாவது வார்த்தை: என்னோடு இருக்கும் பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு.

உன் படிவத்தை எடுத்துக்கொண்டு ஹில்ஸ்பரோவில் வக்கீலைப் பார்த்தேன். வெல்மாவின் பெயரையும் பட்டியலில் எழுதச் சொன்னேன்.

“இந்தப் பொண்ணு யாரும்மா?”

“என் தம்பி மக.”

“பிறப்புப் பத்திரத்துல தகப்பன் பேரே இல்லையே?”

“ஊருக்கே தெரியும் ஐயா.”

“ஊரு வந்து கையெழுத்துப் போடுமா? இப்ப சட்டம் கல்யாணத்துக்குள்ள பொறந்ததா வெளிய பொறந்ததான்னு பாக்கிறதில்ல. ஆனா அப்பன் யாருன்னு அப்பன்தான் சொல்லணும்.”

அந்தப் பத்திரத்தைப் பதிந்தவள் நான்தான் லயனல். நீ கப்பலேறிய ஆறாம் மாதம் இவள் பிறந்தாள். பெற்றவள் ஈனிட் பிள்ளையை மூன்று மாதத்தில் என் மடியில் போட்டுவிட்டு டிரினிடாடுக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே செத்தும் போனாள். அவளைக் குறை சொல்ல நான் யார். பதிவு ஆபீசில் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டான். நான் ஆள் பிடித்து எழுதவைத்து உனக்குக் கடிதம் போட்டேன். “பொறு அக்கா, கொஞ்சம் காலூன்றிக்கொள்கிறேன்” என்று நீ எழுதினாய். பொறுத்தேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு ரேகை வைத்தேன், அப்போது எனக்கு எழுதத் தெரியாது. பிறகு வெல்மா பள்ளிக்கூடம் போனபோது அவளோடு உட்கார்ந்து நானும் எழுதக் கற்றேன். உனக்கு நான் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் உன் மகள் சொல்லிக் கொடுத்தது.

நான் கேட்பது ஒன்றுதான். “வெல்மா என் மகள்” என்று சத்தியம் பண்ணி ஒரு தாள். அது வந்தால் எனக்குப் பிறகு அவளை இந்த மண்ணிலிருந்து ஒருவரும் கிளப்ப முடியாது. முப்பத்துநாலு வருடத்தில் நீ நன்றாகவே காலூன்றியிருப்பாய்.

நலம் நாடும்
அக்கா


ஹடர்ஸ்ஃபீல்ட்
5 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னி. முதலில் சளி, பிறகு சபையில் கிறிஸ்துமஸ் வேலை. நீ குளிர் படாமல் இரு. உங்களுக்கு அங்கே குளிரே இல்லை என்பது எழுதிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

நீ எழுதியது எல்லாம் நியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு வழியும் இருக்கிறதே. வீடு நீ கட்டியது, உன் சொந்தம். அதை அந்தப் பெண்ணுக்கு உயில் எழுதிவை. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டேன், பையன்களையும் பேசவிடமாட்டேன்.

டோரீனுக்கு இது எதுவும் தெரியாது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். இந்த வயதில் அவளை ஏன் கலங்கடிக்கவேண்டும்? நீயே ஒரு பெண், யோசித்துப் பார்.

இனிமேல் இந்த விஷயமாக எழுதினால் வீட்டு முகவரிக்கு வேண்டாம். முதியோர் மன்றத்து முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன், அங்கே எழுது.

பண்டிகை வாழ்த்துகளுடன்
லயனல்


ஹார்வி வேல்
3 ஜனவரி 1997

அன்புத் தம்பிக்கு,

புது வருடம் உங்கள் இருவருக்கும் நல்லதைக் கொண்டுவரட்டும். இந்தக் கடிதம் உன் வீட்டு முகவரிக்குத்தான் வருகிறது. மன்றத்து முகவரிக்கு எழுத நான் என்ன உன் வைப்பாட்டியா?

வீட்டை எழுதிவை என்கிறாய். வீட்டை எழுதலாம், மண்ணை எழுத முடியாது என்பது உனக்குத் தெரியாதா? தாத்தா சொல்லிவிட்டுப் போனதை மறந்துவிட்டாயா? இந்த மண்ணை விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, இரத்தத்துக்கு வெளியே போகக் கூடாது, இரத்தம் என்று வந்தவனைத் துரத்தவும் கூடாது. வேலியில் துவரை பறிக்கும்போது ரூஃபஸ் இவள் காதுபடச் சொல்கிறான்: “டீனா கண்ண மூடினா இவ வீட்டத் தலையில தூக்கிட்டு நடக்கட்டும். மரவீடுதானே.” அவளும் சும்மா விடவில்லை. “நீங்க ஒரு பக்கம் பிடிச்சுக்குங்க சித்தப்பா” என்றாள். ஆனால் சாயங்காலம் சோளக் களி கிண்டும்போது முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் லயனல். அந்தப் பூசணிக்காய் என் சமையல்கட்டில் ஐந்தடி எட்டங்குலம் வளர்ந்து நிற்கிறது, உன் நெற்றியோடு, உன் தெற்றுப் பல்லோடு.

துணி எடுக்க இரண்டு முறை கிரெனடா போய்வந்தேன். படகுப் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் மெலிந்துவிட்டேன். வயதானால் சதை கரைவது இயல்புதானே. டோரீன் என்னைக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

ஈஸ்டருக்கு முன் அந்தத் தாள் வரவேண்டும். அம்மா இன்னும் தட்டு எண்ணுகிறாள்.

அக்கா


ஹடர்ஸ்ஃபீல்ட்
3 பிப்ரவரி 1997

அக்கா,

நலம். உன் நலம் எழுது. அடிக்கடி படகில் போகாதே.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதுதான் உண்மை, வேறெதுவும் இல்லை.

உனக்கு எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். அறுபத்தேழில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். டிரெவருக்கும் கீத்துக்கும் நடுவில். பதினோரு நாள் இருந்தாள். டோரீன் அதற்குப் பிறகு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. பெண் குழந்தை வேண்டும், பெண் குழந்தை வேண்டும் என்று ஏங்கினவள். அவளிடம் போய், எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், ஐந்து வயது, நன்றாக ஓடி விளையாடுகிறாள் என்று எந்த வாயால் சொல்வேன்? அப்போது சொல்ல முடியவில்லை. அப்போது சொல்லாததை அடுத்த வருடம் எப்படிச் சொல்வது? பிறகு அதற்கடுத்த வருடம்?

என்னை மன்னித்துவிடு. நான் ஈஸ்டருக்கு வரவில்லை. கல்லுக்கு என் பங்கு ரம்மை நீயே ஊற்று.

லயனல்


ஹார்வி வேல்
21 பிப்ரவரி 1997

திரு. லயனல் அவர்களுக்கு,

வெல்மா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். உங்களை எந்த முறை சொல்லி அழைப்பது என்று தெரியாததால் பெயர் எழுதிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர்கள் கிரெனடாவுக்குத் துணி எடுக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றில் கட்டி. அறுத்துப் பயனில்லை என்றுவிட்டார்கள். கோடை தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை அத்தையிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். வெளியே வந்தால் அத்தை, “டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும், லயனலுக்கு மட்டும் எழுதிடாத, பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போட்டான்னு இருக்கக் கூடாது” என்கிறார்கள்.

நீங்கள் கடைசியாக எழுதிய கடிதத்தை அவர்கள் தலையணைக்குக் கீழே பார்த்தேன். படித்தது என் குற்றம். படித்தபின் எனக்கு உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை மறைக்கவில்லை.

எனக்காகத் தாள் எழுதவேண்டாம். தையல் மெஷின் இருக்கிறது, கை இருக்கிறது, எங்காவது ஒரு அறை எடுத்துக்கொள்வேன். ஆனால் அத்தைக்கு அந்தக் கவலை உயிரை வாங்குகிறது. “உன்ன எங்க விட்டுட்டுப் போறது” என்று வலியிலும் அதையே சொல்கிறார்கள். உங்கள் அக்காவைப் பார்க்க வாருங்கள். நான் அந்த நாட்களில் வேறெங்காவது இருக்கவேண்டும் என்றால் இருந்துகொள்கிறேன்.

மரியாதையுடன்
வெல்மா


ஹடர்ஸ்ஃபீல்ட்
10 மார்ச் 1997

அன்புள்ள அகஸ்டினா அக்காவுக்கு,

டோரீன் எழுதுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து உங்களுக்கு வாழ்த்து அட்டைதான் அனுப்பியிருக்கிறேன், கடிதம் இதுதான் முதல். வலி எப்படி இருக்கிறது? மறைக்கவேண்டாம். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். வெல்மாவைத் திட்டவும் வேண்டாம்.

இவர் கடிதங்களைக் கோட்டுப் பையில் ஒளித்துவைப்பார். கோட்டைத் துவைப்பது யார் என்று யோசிக்கமாட்டார். ஆனால் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது என்று நினைக்காதீர்கள். பீப்பாய் கட்டுவது நான்தானே அக்கா. முதல் வருடம் சின்னக் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து, “ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு” என்றார். அடுத்த வருடம் ஒரு நம்பர் பெரிசு. அதற்கடுத்த வருடம் இன்னொரு நம்பர். எந்த ஞாயிறு பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை, அதுவும் வருடத்துக்கு ஒரு நம்பர் வளரும்?

சண்டை போட நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் பெண் பிறந்தாள், போனாள். அவளுக்கு மார்சியா என்று பெயர் வைத்திருந்தோம். அந்த வருடமும் இவர் ஒரு ஜோடி வாங்கிவந்தார், கறுப்பாக, முரட்டுத்தனமாக. கடைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு, பக்கிள் வைத்த சிவப்புச் செருப்பு எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நானே மாற்றினேன். பெண் குழந்தைச் செருப்புக் கடையில் நிற்க எனக்கு வேறு காரணம் இல்லை அக்கா. எழுபத்தெட்டில் ஏழாம் நம்பரோடு நின்றது. அன்று கடையில் கொஞ்சம் அழுதேன், இனி அளவு பார்க்க வேலை இல்லையே என்று.

அவர் வாயால் சொல்லட்டும் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். அது வீம்பு. வெல்மாவின் கடிதம் வந்த அன்று வீம்பை விட்டேன். உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

“வெல்மா காலு ஏழாம் நம்பரோட நின்னுடுச்சா?”

முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, “உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?” என்றார்.

“உங்களுக்குச் செருப்பு வாங்கத் தெரியாதுன்னு தெரிஞ்ச அன்னையிலேர்ந்து.”

மறுநாள் காலையில் வக்கீலிடம் கூட்டிப்போனேன். சத்தியத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பஸ்ஸில் வீடுவரை அழுதுகொண்டே வந்தார், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஆனால் வரமாட்டேன் என்கிறார். அந்தப் பெண் முகத்தில் விழிக்க வெட்கமாம். கெஞ்சிப் பார்த்தேன், நகரவில்லை. அதனால் தாளை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். 29-ஆம் தேதி படகில் இருப்பேன். வெல்மா எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லுங்கள்.

உங்கள்
டோரீன்


ஹார்வி வேல்
9 ஏப்ரல் 1997

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த குழம்பு தீர்ந்திருக்கும். அரிசி வேகவைக்க இந்த வயதிலாவது கற்றுக்கொள்ளுங்கள். கடையில் ஒரு போன் இருக்கிறது, ஆனால் அதில் பேசினால் பாதி ஊர் கூட நின்று கேட்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கல் நாட்டினார்கள். இரண்டு ஆடு, எட்டு அண்டாச் சோறு, மேளம். அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தோம். முன்னோருக்குப் படையல் போட்ட பிறகு இரத்த சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து, தான் யார் பிள்ளை என்று சொல்லி, கல்லை ரம்மாலும் தண்ணீராலும் நனைக்கிறார்கள். பக்கத்து மேசையில் வக்கீல் பட்டியலோடு இருக்கிறார். நனைத்தவர் போய்க் கையெழுத்துப் போடவேண்டும்.

அக்கா வெல்மாவைப் பெயர் சொல்லி அழைத்து, வக்கீல் உங்கள் தாளை எடுத்துக் காட்டியதும் ரூஃபஸ் எழுந்துவிட்டார். “தாளா? இங்கிலாந்துல ஒக்காந்துக்கிட்டு யார் வேணும்னாலும் கிறுக்கலாம். அப்பன்னா இங்க வந்து நின்னு சொல்லட்டும். எங்க அவன்?” என்றார்.

அக்கா வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லை. வெல்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பப் போனாள். எனக்கு இந்த ஊரில் என்ன உரிமை? நான் பார்படோஸ்காரி. இருந்தாலும் எழுந்தேன்.

“நான் லயனலோட பொண்டாட்டி. சபையறியக் கல்யாணம் பண்ணினவ. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. இவ பேரு சேர்ந்தா என் பசங்க பங்குதான் குறையும். அப்படியிருந்தும் சொல்றேன், இவ என் புருஷனுக்குப் பொறந்தவ, மூத்தவ. பொய் சொல்றதுல எனக்கு என்ன லாபம்னு யாராவது சொல்லுங்க பாக்கலாம்.”

ரூஃபஸ் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். வெல்மா கல்லை நனைத்தாள், பாதி ரம் என் காலில். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அக்கா அதிக நாள் இருக்கமாட்டார். கடைசிவரை நான் இங்கேயே இருக்கப்போகிறேன். இந்தப் பெண் தனியாகச் சமாளிக்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. கேட்டீர்களா, ரூஃபஸ் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. “எங்க அவன்?” என்றார். உங்களுக்குப் பதிலாக நான் எல்லாம் செய்யலாம், நான் நின்றால் மட்டும் நீங்கள் நின்றதாக ஆகாது.

மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

டோரீன்

(பின்குறிப்பு, அக்கா தன் கையால் எழுதியது:) தம்பி, அம்மா இப்போது கனவில் வருவதில்லை. சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. எனக்கும் தூக்கம் வருகிறது. உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.


ஹடர்ஸ்ஃபீல்ட்
3 ஜூன் 1997

வெல்மாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? அக்காவை அடக்கம் செய்த பிறகு நீ மூன்று நாள் மெஷினைத் தொடவில்லை என்று டோரீன் போனில் சொன்னாள்.

இந்த முகவரிக்கு நான் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். உறையின்மேல் உன் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று டோரீனிடம் சொன்னேன். கிடைத்தது. பெட்டியைக்கூடக் கட்டினேன், வாசல்வரை வந்து நின்றுவிட்டேன். இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

முதுமைக்கு எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டேன் என்று மன்றத்தில் பெருமையடித்துக்கொண்டவன் நான். உயில் இருக்கிறது, கல்லறைக்கு இடம் இருக்கிறது. இரண்டு மாதமாக இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறேன். கூப்பிடவேண்டியவளைக் கூப்பிடாமல் மற்றதையெல்லாம் ஒழுங்குபண்ணி என்ன?

வெளியூரிலிருந்து திரும்புகிறவன், மண்ணைக் காப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் அதில் கால்வைக்கவேண்டும். தாத்தா காலத்து வழக்கம் அது. அக்கா இருந்தவரை அவளைக் கேட்டால் போதும். இப்போது மண்ணைக் காப்பவள் நீ. அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் செய்தது எதற்கும் சமாதானம் சொல்ல வரவில்லை. நீ கேட்பதற்குப் பதில் சொல்ல வருகிறேன், திட்டினால் கேட்டுக்கொள்ள வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் உன் பங்கில் ஒரு பிடி மண் குறையாது.

வரலாமா?

உன்னைப் பெற்றவன்
லயனல்


ஹார்வி வேல்
16 ஜூன் 1997

லயனல் அவர்களுக்கு,

இங்கே நானும் டோரீன் அம்மாவும் சுகம். மெஷினில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மருந்துகளை நீங்கள் எடுப்பதில்லை என்று அம்மா புலம்புகிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். முதல் நாள் வேண்டாம் என்று எழுதிக் கிழித்தேன். இரண்டாம் நாள் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். “நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், உன் மண்ணு” என்றுவிட்டார்கள்.

வாருங்கள். என்னிடம் கேள்விகள் நிறைய இருக்கின்றன, ஒரு வாரத்துக்கு டிக்கெட் எடுத்தால் பத்தாது. கூப்பிடும் முறையை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

படகு காலையில் வரும். ஹில்ஸ்பரோ துறையில் நான் மட்டும்தான் நிற்பேன், அம்மா வரவில்லை என்கிறார்கள். கூட்டத்தில் நீங்கள் என்னைத் தேடிக் கஷ்டப்படவேண்டாம். உங்களை எனக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே.

வெல்மா